துத்தநாகம் கெடுக்கும், பாதரசம் உயர்த்தும்

பழனி மலையில் பாதரசம் என்றால் நினைவுக்கு வருவது தெர்மாமீட்டர் ஆலைதான். 2001-ல் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு குவிந்து கிடந்தது வெளியே தெரிந்து, அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. மண்ணைத் தூய்மையாக்கும் பேச்சு பல ஆண்டு நீண்டது. இயற்பியலிலோ இதே உலோகத்துக்குத் தனி மதிப்பு. மின்தடை அடியோடு மறைவதை, அதாவது மீக்கடத்தலை, 1911-ல் காமர்லிங் ஆன்னஸ் முதலில் கண்டது உறைந்த பாதரசத்தில்தான், 4.2 கெல்வினில். அதாவது சுழியத்துக்குக் கீழே 269 டிகிரி செல்சியஸ்.

1986-ல் பெட்னார்ட்சும் முல்லரும் தாமிர ஆக்சைடில் மீக்கடத்தலைக் கண்ட பிறகு, ஆய்வகங்களில் ஒரே வேலை: ஓர் உலோகத்தை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டுப் பார்ப்பது. அந்த ஆக்சைடில் இருந்த லாந்தனத்துக்குப் பதில் இட்ரியம் போட்டபோது வேறொரு படிகமே பிறந்தது. 1987-ல் மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை 93 கெல்வினுக்குத் தாவியது. 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே இதைக் குளிர்விக்கப் போதும்.

இந்தப் படிகங்கள் அடுக்கடுக்கானவை. மின்னோட்டம் தடையின்றி ஓடுவது தாமிரமும் ஆக்சிஜனும் சேர்ந்த தளங்களில். இடையடுக்குகள் அவற்றுக்கு மின்னூட்டம் கொடுக்கும். அதனால் எந்த உலோகம் என்பதோடு எந்த இடம் என்பதையும் கேட்க வேண்டும். இட்ரியத்தின் இடத்தில் காந்தத்தன்மை மிகுந்த கடோலினியத்தை வைத்தாலும் மீக்கடத்தல் அசைவதில்லை. (பிரசியோடைமியம் மட்டும் விதிவிலக்கு, அது கெடுத்துவிடும்.) தளத்துத் தாமிரத்தைத் தொட்டால் கதை வேறு. நூறு தாமிர அணுக்களில் இரண்டு துத்தநாகமானால் போதும், வெப்பநிலை ஏறக்குறைய இருபது டிகிரி இறங்கும்.

பழைய உலோக மீக்கடத்திகளில் காந்த மாசுதான் எமன். இங்கே காந்தமுள்ள நிக்கலைவிடக் காந்தமில்லாத துத்தநாகம் அதிகம் கெடுக்கிறது! தாமிர அணுவின் தற்சுழற்சி அக்கம்பக்கத்து அணுக்களோடு பிணைந்தது. துத்தநாகத்தில் அது கிடையாது. மனிதச் சங்கிலியில் ஒருவர் விலகியதுபோல அங்கே பிணைப்பு அறுந்து, சுற்றிலும் தடையின்றி மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான் இணைகள் சிதைகின்றன. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

பாதரசம் புகுவது இடையடுக்கில். 1993-ல் பாதரசமும் பேரியமும் சேர்ந்த தாமிர ஆக்சைடு 94 கெல்வினைத் தொட்டது. அதே ஆண்டில் சூரிச்சில் ஷில்லிங் குழு கால்சியமும் சேர்த்து 133-ஐ எட்டியது. ஆனால் பாதரசம் 357 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சேர்மம் உருவாக 800 டிகிரி அளவு சூடு வேண்டும். ஆகவே மூடிய குவார்ட்ஸ் குழாயில்தான் சமைக்க வேண்டும். குழாய் வெடித்தால் அறை முழுக்க நச்சாவி. பாதரசத்தில் ஒரு பங்கை ரீனியமாக மாற்றினால் சேர்மம் ஓரளவு நிலைக்கிறது.

இன்று விற்பனைக்கு வரும் மீக்கடத்தி நாடாக்களில் பெரும்பாலும் இருப்பவை இட்ரியமும் கடோலினியம் போன்ற அருமண் உலோகங்களும்தான். பாதரசச் சேர்மம் கம்பியாகச் சந்தைக்கு வரவில்லை.