வேகம் வரட்டும், கை நோகாமல்

ஜேர்மனியின் லைப்சிக் நகரில் பிரெடரிக் வீக் என்ற ஆசிரியரிடம் பியானோ கற்ற இருவரின் கதை இது.

ஒருவர் றொபேட் சூமன். விரைவில் பெரிய கலைஞராகிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அளவுக்கு மீறிப் பயிற்சி செய்தார். விரலுக்குக் கருவி ஒன்றையும் பூட்டிப் பார்த்தார். 1832 அளவில் அவரது வலக்கை விரல் சொற்கேளாமற் போயிற்று. நோயின் காரணம் பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மேடைக் கனவு அத்துடன் முடிந்தது. பின்னர் அவர் இசையமைப்பாளராகவே புகழ் பெற்றார்.

மற்றவர் ஆசிரியரின் மகள் கிளாறா. தந்தை அவருக்குப் பயிற்சியோடு தினமும் நீண்ட நடையையும் பழக்கினார். 1840 இல் கிளாறா றொபேட்டை மணந்தார். 1856 இல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 36. பிள்ளைகள் ஏழு பேர். அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டவை அவருடைய இரு கைகளே. 1870களில் கையில் வலி வந்தபோது கச்சேரிகளை நிறுத்தி ஓய்வெடுத்தார். குணமடைந்து மீண்டும் மேடையேறி, 1891 வரை வாசித்தார்.

சகோதரிகளே, ஒரு கையை மேசையில் வைத்து விரல்களை அசையுங்கள். மறுகையால் முழங்கைக்குக் கீழே தொட்டுப் பாருங்கள். விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. கட்டையை அழுத்திய பின்னும் அவை இறுகியே இருந்தால் அடுத்த விரல் தாமதமாகும், கையும் நோகும். வேகத்துக்கு வேண்டியது பலமல்ல. அழுத்தியதும் தளர்த்தும் பழக்கம்.

பியானோ பழகும் உங்கள் பிள்ளைக்கு இவற்றைச் சொல்லிக் கொடுங்கள். முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வரும்படி ஆசனத்தை அமைக்க வேண்டும். தோள் தாழ்ந்திருக்க வேண்டும். மணிக்கட்டு விறைக்கக் கூடாது. பிழையின்றி வாசிக்கக்கூடிய மெதுவான வேகத்திலேயே தொடங்க வேண்டும். தாளக்கருவியை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, இலகுவாக வந்த பின் 64, பிறகு 68 எனக் கூட்டலாம். கை இறுகினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். கடினமான இடத்தை நான்கு நான்கு சுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் நின்று கையைத் தளர்த்த வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பது நல்லது.

வலி, விறைப்பு, மரத்துப் போதல் ஏற்பட்டால் அன்றைய பயிற்சியை நிறுத்துங்கள். தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். "நொந்தால்தான் பழகும்" என்று பிள்ளையை வற்புறுத்த வேண்டாம்.

பியானோ இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும். தையல் இயந்திரத்தில் இரவிரவாகக் குனிந்திருக்கும் பல சகோதரிகளை என் பணியில் சந்திக்கிறேன். "கை நோகுது, ஆனால் ஓடரை முடிக்க வேணுமே" என்பார்கள். ஓடர் நாளைக்கும் வரும். அதைத் தைக்கக் கை வேண்டும். தன் கைக்கு ஓய்வு கொடுத்ததால்தான் கிளாறாவால் மீண்டும் உழைக்க முடிந்தது என்பதை மறவாதீர்கள்.