விண்வெளிக் கதைகளில் விசுவாசம்

அறிவியல் புனைகதை என்றதும் விண்கலங்களும் இயந்திர மனிதர்களும் வேற்றுலக மக்களும் நம் மனக்கண் முன் தோன்றுவர். சமயம் என்றதும் கோயிலும் வேதமும் வழிபாடும் தோன்றும். இவ்விரண்டுக்கும் தொடர்பு யாது என்று சிலர் கேட்கலாம். மனிதன் யார், மரணம் எத்தகையது, செய்த பாவத்துக்கு மீட்சி உண்டா என்ற கேள்விகளை இரண்டுமே எழுப்புகின்றன. ஆகவே, தொலைக்காட்சியில் வந்த அறிவியல் புனைகதைகள் சிலவற்றில் கிறிஸ்து சமயக் கருத்துகள் அமைந்துள்ள வகையையும், அவற்றைத் தேடிக் காணும் முறையையும் இன்று சிறிது ஆராய்வோம்.

நான் சைவக் குடியிற் பிறந்தவன். அண்ணாமலையின் அடிவாரத்தில் வாழ்பவன். எங்கள் ஊரில் அருணாசலேசுவரர் கோயிலும் உண்டு; டேனிஷ் மிஷன் பள்ளியும் உண்டு. ஆனால் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கும் பிள்ளைகள், பக்கத்தில் இருப்பவன் எதை நம்புகிறான் என்பதை அறியாமலே படிப்பை முடித்துச் செல்வதை ஆசிரியர் பலரும் கண்டிருப்போம். இக்குறையைப் பாடநூல் தீர்ப்பதில்லை. கதை ஓரளவு தீர்க்கும். பிறர் சமயத்தின் உள்ளே புகுவதற்குக் கதையைப்போல் எளிய வாயில் வேறில்லை.

முதலில் தவறான வழி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புறத்தே காணும் ஒற்றுமைகளைக் கொண்டே முடிவு கட்டுவது அவ்வழி. இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் 1963ஆம் ஆண்டு தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் தொடரின் நாயகன் சாகும் தறுவாயில் புதிய உடலும் புதிய முகமும் பெற்று எழுவான். இதனைக் கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலோடு ஒப்பிடுவோர் உளர். சற்று எண்ணிப் பார்த்தால் வேற்றுமை விளங்கும். கிறிஸ்தவர்கள் நம்பும் உயிர்த்தெழுதலில் இறந்தவர் தம் காயத்தின் தழும்புகளோடு எழுகிறார். சீடராகிய தோமா தொட்டுப் பார்க்க விரும்பியதும் அத்தழும்புகளையே. டாக்டரோ பழைய முகத்தை அறவே களைந்துவிடுகிறான். இது நம் நாட்டுக் கதைகளில் வரும் கூடுவிட்டுக் கூடு பாய்தலுக்கே நெருங்கியது. மேலோட்டமான ஒப்புமை நம்மை ஏமாற்றும் என்பதற்கு இது ஒரு சான்று.

அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான 'ஸ்டார் டிரெக்' தொடரில் இன்னும் ஆழமான எடுத்துக்காட்டு உண்டு. 1968இல் வந்த ஒரு கதையில் விண்கலத்தார் ஒரு வேற்றுலகை அடைகின்றனர். அங்கே ரோமப் பேரரசு வீழாமல் இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்திருக்கிறது. அடிமைகள் ஒருவரையொருவர் வெட்டி மடியும் போர் அங்கே தொலைக்காட்சியில் கேளிக்கையாகக் காட்டப்படுகிறது. தப்பியோடிய அடிமைகள் சிலர் சூரியனை வழிபடுவதாக விண்கலத்தார் எண்ணுகின்றனர். அந்நாட்டு வானொலியைக் கேட்டுவந்த உஹூரா என்னும் பெண் அதிகாரியே உண்மையைக் கண்டறிகிறாள். ஆங்கிலத்தில் 'சன்' என்னும் ஒரே ஒலி ஞாயிற்றையும் குறிக்கும், மைந்தனையும் குறிக்கும். அவ்வடிமைகள் வணங்கியது வானத்து ஞாயிற்றை அன்று, தேவமைந்தனை.

சொல் விளையாட்டு இத்துடன் முடிந்தது. அதனினும் சிறந்த பகுதி பிளேவியஸ் என்பவனின் வாழ்வு. முன்பு களத்தில் பலரைக் கொன்று புகழ் பெற்றவன் அவன். பின்பு அந்த நம்பிக்கையை ஏற்று வாளைத் துறந்தவன். இறுதியில் வேற்றுலகத்து மனிதன் ஒருவனைக் காக்க ஓடிவந்து தன் உயிரை இழக்கிறான். அவனுடைய சமயத்தை நமக்குக் காட்டுவது அச்செயலே.

இக்கருத்தை முழுமையாக விளக்கும் கதை, 'பாபிலோன் 5' என்னும் தொடரில் 1995ஆம் ஆண்டு வந்தது. அதை எழுதியவர் மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகக் கூறியவர். விண்வெளியில் மிதக்கும் ஒரு நிலையத்தில் கிறிஸ்தவத் துறவியர் சிலர் வாழ்கின்றனர். அவர்களுள் எட்வர்டு என்பவரிடம் வேற்றுலகத்தார், உம் சமயத்தின் உயிர்நாடி எது என்று வினவுகின்றனர். கெத்செமனேத் தோட்டத்தில் இயேசு கழித்த இரவே என்கிறார் அவர். தம்மைப் பிடிக்க வருகின்றனர் என்று இயேசு அறிவார். தப்பிச் செல்லவும் வழி இருந்தது. அஞ்சினார், வருந்தி வேண்டினார். ஆயினும் அங்கேயே இருந்தார். அத்துணிவு தமக்கு இருந்திருக்குமா என்று எட்வர்டு தம்மையே கேட்டுக்கொள்கிறார்.

அந்நிலையம் சேர்ந்த உலகின் சட்டப்படி, கொலைகாரனின் நினைவு முழுவதும் அழிக்கப்பட்டு, அவன் புதிய மனிதனாகச் சமூகத்துக்குத் தொண்டு செய்ய அனுப்பப்படுகிறான். எட்வர்டும் அவ்வாறு மாற்றப்பட்டவரே! பலரைக் கொன்ற கொடியவன் தாமே என்பதை அவர் சிறிது சிறிதாக அறிகிறார். நினைவில் இல்லாத பாவத்தை எவ்வாறு அறிக்கையிடுவது என்று கலங்குகிறார். கொலையுண்டோரின் உறவினர் பழிவாங்க வருகின்றனர். ஓட வழியிருந்தும் அவர் ஓடவில்லை. அதுவே அவருடைய கெத்செமனே.

கதை அங்கேயும் நிற்கவில்லை. எட்வர்டைக் கொன்றவன் பிடிபடுகிறான். அவன் நினைவும் அழிக்கப்படுகிறது. அவனும் ஒரு துறவியாக அதே மடத்தில் சேர்க்கப்படுகிறான். நிலையத்தின் தலைவர் ஷெரிடன் அவனைக் கண்டதும் சினத்தால் திகைக்கிறார். மன்னிப்பதே மிகக் கடினமான செயல் என்பது அவருக்கு நினைவூட்டப்படுகிறது. நெடுநேரத் தயக்கத்துக்குப் பின் அவர் கைகொடுக்கிறார். பகைவனை மன்னித்தல் என்னும் போதனையை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது. நம்பாதவர் ஒருவர், நம்புவோரின் உள்ளத்தை நேர்மையாக உணர்ந்து எழுதினார் என்பது நாம் கருதத்தக்கது.

இனி நம் தமிழுக்கு வருவோம். சுஜாதா ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா' பின்பு தூர்தர்ஷனிலும் தொடராக வந்தது. ஜீவா என்னும் தலைவன் நாட்டை ஆள்கிறான். மக்கள் அவனைத் தெய்வம்போல் போற்றுகின்றனர். முடிவில் அவன் ஒளியால் அமைந்த வெறும் பிம்பம் என்று வெளிப்படுகிறது. சுஜாதா இதனைக் கிறிஸ்தவக் கதையாக எழுதவில்லை. அவ்வாறு பெயர் சூட்டுவது முறையன்று. ஆயினும் மனிதன் தன் கையால் செய்ததையே கடவுளாக்கி வணங்கும் பேதைமையை விவிலியத்தின் தீர்க்கதரிசிகள் இடித்துரைத்தனர். அவர்கள் எழுப்பிய கேள்வி இக்கதையிலும் எழுகிறது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி. திருவண்ணாமலைப் பிள்ளைகளுக்கு நான் இதனை எங்கள் தலபுராணம் கொண்டே விளக்குவேன். அடிமுடி காணாச் சோதியின் முடியைக் கண்டேன் என்று பிரமன் பொய் சொன்னான். தாழம்பூ பொய்ச்சாட்சி உரைத்தது. காணாததைக் கண்டதாகக் கூறுவது விசுவாசம் ஆகாது. கண்ணெதிரே ஒளிர்வதெல்லாம் கடவுளும் ஆகாது. தோமாவின் கதையும் ஜீவாவின் கதையும் இவ்விடத்தில் ஒன்றையொன்று விளக்கும்.

விசுவாசம் என்பது வெறும் ஒப்புதல் அன்று. பிழைக்க வேறு வழி இருக்கும்பொழுதும் பற்றியதை விடாது நிற்றல். ஆதலின் இத்தகைய தொடரைப் பிள்ளைகள் காணும்பொழுது, சிலுவை எங்கே தெரிந்தது என்று கேட்க வேண்டா. இவன் எந்த இடத்தில் ஓடிப் போயிருக்கலாம், ஏன் ஓடவில்லை என்று கேளுங்கள். கிறிஸ்தவப் பிள்ளை கெத்செமனேயைச் சொல்வான். பக்கத்தில் இருப்பவன் தன் வீட்டில் கேட்ட ஒரு கதையைச் சொல்வான். இருவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் இறுதிவரை கேட்கட்டும்.