கைவிரியலாக்கியைத் தெரிதல்

கருவியொன்றின் சிறப்பு அதன் விலையிலன்று, பொருத்தத்திலேயே தங்கியுள்ளது. ஹெட்போன் என வழங்கும் செவியொலிக் கருவிக்குச் சட்டைப்பையில் அடங்கும் விரியலாக்கியொன்றைத் தெரிவார் இவ்வுண்மையை மறத்தலாகாது. பளிங்கு வானொலிக் காலத்தில் செவியொலிக் கருவி விரியலாக்கி எதுவுமின்றி, வந்தடைந்த அலையின் வலுவினாலேயே ஒலித்தது. 2016ஆம் ஆண்டில் ஐபோன் 7 செவியொலித் துளையின்றி வெளிவந்தது. வேறு பல கைத்தொலைபேசிகளும் அவ்வழியே சென்றன. அதன்பின் சிறு மாற்றிகளும் கைவிரியலாக்கிகளும் மாணவரிடையேயும் பரவலாயின. எனினும், அவை யாவர்க்கும் வேண்டியன அல்ல.

முதற்கண் நோக்கற்பாலன செவியொலிக் கருவியின் இரு பண்புகள். ஒன்று, ஓமில் அளக்கப்படும் மின்தடங்கல். மற்றையது, ஒரு மில்லிவாற்று வலுவுக்கு அக்கருவி எத்தனை தெசிபெல் ஒலி தரும் என்னும் உணர்திறன். பத்துத் தெசிபெல் உயர வலு பத்து மடங்காதல் வேண்டும். மூன்று தெசிபெல் உயர ஏறத்தாழ இரு மடங்காதல் வேண்டும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 97 தெசிபெல் உணர்திறனுடைய கருவியொன்றில் இசையின் கணநேர உச்சங்கள் 110 தெசிபெல்லை எட்டுவதற்கு 20 மில்லிவாற்று போதும். அதன் தடங்கல் 300 ஓமாயின் ஏறத்தாழ 2.45 வோல்ற்றும் 8 மில்லியம்பியரும் வேண்டும். 32 ஓமாயின் 0.8 வோல்ற்றும் 25 மில்லியம்பியரும் வேண்டும். வலு ஒன்றே, வேண்டும் வகையே வேறு. உயர்தடங்கற் கருவி மின்னழுத்தத்தை நாடும். தாழ்தடங்கற் கருவி மின்னோட்டத்தை நாடும். 32 ஓம் தடங்கலோடு 87 தெசிபெல் உணர்திறனே உடைய கருவிக்கோ 200 மில்லிவாற்று, அஃதாவது 2.5 வோல்ற்றும் 79 மில்லியம்பியரும் தேவைப்படும். ஆகவே, தடங்கலை மட்டும் நோக்கி முடிவு செய்வது தவறாகும். ஒரு வோல்ற்றளவு தரும் சிறு மாற்றி இரண்டாவதற்குப் போதும். ஏனைய இரண்டிற்கும் போதாது.

அடுத்து நோக்கற்பாலது விரியலாக்கியின் வெளியீட்டுத் தடங்கல். செவியொலிக் கருவியின் தடங்கல் எல்லா மீடிறன்களிலும் ஒரே அளவினதன்று. அது 16 ஓமுக்கும் 64 ஓமுக்கும் இடையே மாறுமாயின், 10 ஓம் வெளியீட்டுத் தடங்கலுடைய விரியலாக்கி சில சுரங்களை ஏனையவற்றிலும் ஏறத்தாழ 3 தெசிபெல் மிகுவிக்கும். வெளியீட்டுத் தடங்கல் 1 ஓமாயின் அவ்வேறுபாடு 0.4 தெசிபெல்லாகச் சுருங்கும். வெளியீட்டுத் தடங்கல் கருவியின் தடங்கலில் எட்டிலொன்றுக்கு மேற்படாதிருத்தல் நன்று என்னும் விதி இக்காரணம் பற்றியே எழுந்தது.

விரியல் மடங்கும் அளவறிந்து தெரியப்படல் வேண்டும். உணர்திறன் மிக்க செவிச்செருகிக்கு மிகைமடங்கு விரியலாக்கியைப் பூட்டின், இரைச்சல் கேட்கும். ஒலித்திருகையும் தொடக்கத்திலேயே நின்றுவிடும். 2011ஆம் ஆண்டில், நாவ்கை என்னும் புனைபெயருடையார் ஓ2 என்னும் விரியலாக்கியின் அமைப்பை யாவரும் காண வெளியிட்டார். இரண்டு 9 வோல்ற்று மின்கலங்களால் இயங்கும் அதன் ஆளி, 2.5 மடங்கு, 6.5 மடங்கு என இருநிலைகளைத் தந்தது. மின்கலங்களின் ஆயுள், பாரம் ஆகியனவும் கையிற் கொண்டு செல்வார்க்குப் புறக்கணிக்கத்தக்கன அல்ல.

யாவற்றினும் மேலாகக் கருதற்பாலது செவியின் நலம். மேற்கூறிய 110 தெசிபெல் உச்சங்களுக்குரிய இடைவெளியேயன்றி, தொடர்ந்து கேட்டற்குரிய அளவன்று. வளர்ந்தோர்க்கு வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 80 தெசிபெல் என்பது 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கமும் வகுத்த வரம்பு. அதன்மேல் ஏறும் ஒவ்வொரு மூன்று தெசிபெல்லுக்கும் கேட்கத்தகும் நேரம் பாதியாகும். 89 தெசிபெல்லில் அது 5 மணியாகிவிடும். உரத்த ஒலியால் அழிந்த உட்செவி மயிர்க்கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை. கைத்தொலைபேசியோ சிறு மாற்றியோ தரும் ஒலி தெளிவாகவும் போதியதாகவும் இருப்பின், விரியலாக்கியை வாங்காது விடுதலே சிறந்த தெரிவாகும். வேண்டுமாயின் அளந்து வாங்குக; வாங்கியபின் அளந்து கேட்க.