படுக்கையில் சிறுநீர் கழித்தல்

படுக்கையில் சிறுநீர் கழித்தல் என்பது ஐந்து வயது நிறைந்த குழந்தைகள் உறக்கத்தில் தம்மையறியாமல் சிறுநீர் கழிப்பதைக் குறிக்கும். ஐந்து வயதுக்கு முன் இது இயல்பான வளர்ச்சிநிலையே ஆகும். ஐந்து வயதில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடமும், பத்து வயதில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரிடமும் இது காணப்படுகிறது. ஆண் குழந்தைகளிடம் இது மிகுதி. ஆண்டுதோறும் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் சிகிச்சையின்றியே இதிலிருந்து விடுபடுகின்றனர்.

வகைகள்

பிறந்தது முதல் தொடர்ந்து ஆறு மாதம் இரவில் படுக்கையை நனைக்காமல் இருந்திராத குழந்தையின் நிலை முதல்நிலை வகை எனப்படும். ஆறு மாதமோ அதற்கு மேலோ நனைக்காமல் இருந்து மீண்டும் தொடங்குவது இரண்டாம்நிலை வகை ஆகும்.

காரணங்கள்

இரவில் சிறுநீர் உருவாவதைக் குறைக்கும் வாசோபிரெசின் என்னும் இயக்குநீர் போதிய அளவு சுரக்காமை, சிறுநீர்ப்பையின் கொள்ளளவு குறைவாக இருத்தல், சிறுநீர்ப்பை நிறைந்தும் உறக்கம் கலையாமை ஆகியவை முதன்மைக் காரணங்கள். மலச்சிக்கலும் சிறுநீர்ப்பையை அழுத்தி இதனைத் தூண்டலாம். பெற்றோருக்குச் சிறு வயதில் இச்சிக்கல் இருந்திருந்தால் குழந்தைக்கும் வரும் வாய்ப்பு அதிகம். சோம்பலோ பிடிவாதமோ இதற்குக் காரணம் அன்று.

குழந்தையின் மீதான தாக்கம்

அடித்தல், பிறர் முன் ஏளனம் செய்தல் ஆகியவை குழந்தையின் அச்சத்தையும் தாழ்வுணர்வையும் வளர்க்குமேயன்றிப் பயன் தருவதில்லை. கன்னியாகுமரி, வட்டக்கோட்டை போன்ற இடங்களுக்குப் பள்ளிகள் இரவு தங்கும் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது, நண்பர்கள் அறிந்துவிடுவார்களோ என்று அஞ்சி இக்குழந்தைகள் வர மறுப்பதுண்டு. ஆசிரியரிடம் பெற்றோர் முன்கூட்டியே தனியாகப் பேசிவைப்பது உதவும்.

வீட்டில் செய்யத்தக்கவை

* பகலில் போதிய நீர் அருந்தச் செய்து, மாலைக்குப் பின் அளவைக் குறைத்தல். தேநீர், காப்பி ஆகியவற்றைத் தவிர்த்தல்.
* பகலில் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறையும், படுக்கும் முன்பும் சிறுநீர் கழிக்கச் செய்தல்.
* காய்கறி, பழங்கள் கொடுத்து மலச்சிக்கலைப் போக்குதல்.
* நனைத்த இரவுகளையும் நனைக்காத இரவுகளையும் நாட்காட்டியில் குறித்தல்.
* நனைக்காத இரவுக்கு மட்டுமன்றி, படுக்கும் முன் கழிப்பறை செல்லும் பழக்கத்திற்கும் பாராட்டுதல்.

சிகிச்சை

ஈரம் பட்டவுடன் ஒலிக்கும் எச்சரிக்கை மணி நீடித்த பயன் தரவல்லது. 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் மௌரர் இணையர் இம்முறையை விளக்கி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். தொடக்கத்தில் மணி ஒலித்தும் குழந்தை விழிக்காது. பெற்றோரே எழுப்பிக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பலன் தெரிய இரண்டு அல்லது மூன்று மாதங்கள் ஆகலாம். தொடர்ந்து 14 இரவுகள் நனைக்காதிருந்தால் மணியை நிறுத்தலாம்.

டெசுமோபிரெசின் என்னும் மருந்து இரவில் உருவாகும் சிறுநீரைக் குறைக்கிறது. சுற்றுலா போன்ற குறுகிய காலத் தேவைகளுக்கு இது ஏற்றது. எனினும் நிறுத்தினால் சிக்கல் மீளலாம். இம்மருந்தை உட்கொண்ட இரவில் மிகுதியாக நீர் அருந்தினால் குருதியில் சோடியம் குறைந்து வலிப்பு ஏற்படக்கூடும். எனவே மருத்துவர் அறிவுரையின்றி இதனைத் தருதல் கூடாது.

மருத்துவரை நாடவேண்டிய நிலைகள்

இரண்டாம்நிலை வகை, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், பகலிலும் சிறுநீர்க் கசிவு, பலத்த குறட்டை ஆகியவை இருப்பின் மருத்துவரை அணுக வேண்டும். மிகுந்த தாகமும் எடை இழப்பும் நீரிழிவின் அறிகுறிகளாக இருக்கலாம் என்பதால் காலம் தாழ்த்துதல் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவு உள்ளது.