சோடாப்புட்டி போனாலும் கண் அதே கண்தான்

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இந்தப் பத்திரிகையை மூக்குக்குப் பக்கத்தில் பிடியுங்கள். அப்படியே மெல்லத் தள்ளிக்கொண்டு போங்கள். எழுத்து கலங்கத் தொடங்கும் இடத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் பவர் ஏறக்குறையத் தெரிந்துவிடும். 50 சென்டிமீட்டரில் கலங்கினால் மைனஸ் இரண்டு. 16, 17 சென்டிமீட்டரிலேயே, அதாவது ஒரு சாண் தூரம் எட்டுவதற்கு முன்பே கலங்கினால் மைனஸ் ஆறு. அந்த ஆறுதான் எல்லைக்கல். அதைத் தொட்டுவிட்டால் டாக்டர்கள் கடும் கிட்டப்பார்வை என்பார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்வது சோடாப்புட்டி.

பட்டப்பெயர் கண்ணாடிக்கு, கோளாறு கண்ணில். வளர்ந்தவர்களின் கண் முன்னிருந்து பின்வரை ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் இருக்கும். கடும் கிட்டப்பார்வையில் அது பெரும்பாலும் 26-ஐத் தாண்டும். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் உள்சுவரில் படிந்திருக்கும் விழித்திரை அதற்கு ஏற்றபடி கூடுதலாக வளர்வதில்லை, இழுபடுகிறது. பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விரிக்கும்போது எங்கோ ஓர் ஓரம் நூலாகி ஓட்டை விழுமே, அதேபோலத்தான். விழித்திரையின் ஓரத்தில் ஓட்டை விழுந்து, கண்ணுக்குள் இருக்கும் நீர் அதன் வழியே பின்பக்கம் புகுந்தால், சுவரில் ஒட்டிய தாள் போல விழித்திரை பிரிந்துவிடும்.

கண்ணாடி இந்த நீளத்தைக் குறைப்பதில்லை. வெளிச்சத்தைச் சரியான இடத்தில் விழவைக்கிறது, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன் செய்துகொள்ளும் லேசிக் சிகிச்சையும் முன்னால் இருக்கும் கருவிழியைச் செதுக்குகிறதே தவிர, பின்பக்கத்தைத் தொடுவதில்லை. நம் தேனிப் பக்கத்தில் அதிகம் ஏமாற்றுவது புரை ஆபரேஷன். கடும் கிட்டப்பார்வைக்காரர்களுக்குப் புரை கொஞ்சம் முன்கூட்டியே வரும். உள்ளே வைக்கும் லென்ஸைக் கணக்குப் போட்டு வைத்தால் மைனஸ் பத்தும் காணாமல் போகும். ஐம்பது வயதில் சோடாப்புட்டியைத் தூக்கிப் போட்டவருக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு விழித்திரை பிரியும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது நினைவில் நிற்பதில்லை.

தேனி கண் வைத்தியத்துக்குப் பஞ்சமான ஊர் இல்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, எண்பதுகளிலேயே இங்கே கிளை திறந்துவிட்டது. 2006 வாக்கில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் இன்டெல் நிறுவனமும் சேர்ந்து, தேனி மருத்துவமனையைச் சுற்றுவட்டாரத்தின் ஐந்து கண் பரிசோதனை மையங்களோடு கம்பியில்லா இணைப்பில் கோத்தன. ஊரில் உட்கார்ந்தபடியே தேனி டாக்டரிடம் கேமரா வழியாகக் கண்ணைக் காட்டலாம் என்பது அன்றைக்குப் பெரிய செய்தி. பவர் பார்க்க, புரை பார்க்க இந்த மையங்கள் அருமையான ஏற்பாடு. ஆனால் மைனஸ் ஆறுக்காரர் அதோடு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. சொட்டு மருந்து ஊற்றிக் கண்பாப்பாவை விரித்து, ஓரம் வரைக்கும் விழித்திரையைப் பார்க்கத் தெரிந்த டாக்டரிடம் ஆண்டுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். இலவச முகாமில் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிட்டதால் கண் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. அந்தப் பலகை விழித்திரையின் நடுப்புள்ளியை மட்டும்தான் சோதிக்கிறது.

சொட்டு ஊற்றிய அன்று நாலைந்து மணி நேரம் வெயில் கூசும். கம்பத்திலிருந்து பைக்கில் போவதை விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரோடு பஸ் ஏறுங்கள். ஓட்டையோ கிழிசலோ தெரிந்தால், பெரும்பாலும் அன்றைக்கே லேசரால் அதைச் சுற்றிப் பற்றவைத்து விடுவார்கள்.

கண்ணில் படும் அடிதான் இன்னொரு பயம். கபடியில் முழங்கை, கிரிக்கெட் பந்து, திராட்சைப் பந்தலில் முறுக்கும்போது தெறிக்கும் கம்பி. இப்படி அடிபட வாய்ப்புள்ளவர்கள் கண்ணாடிக்குப் பாலிகார்பனேட் லென்ஸ் கேட்டு வாங்கலாம். சில்லாக உடைந்து கண்ணுக்குள் போகாது. தோட்டத்து ஆட்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. கண் சிவந்தால் மெடிக்கலில் சொட்டு மருந்து கேட்டு வாங்கி, மாதக்கணக்கில் ஊற்றுவது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் கண் அழுத்தம் ஏறும். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு அது சுலபமாக ஏறும், வலியில்லாமல் நரம்பைத் தின்னும்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பவரைக் குறைத்துப் போட்டால் ஏறாது என்று கடைக்காரரிடம் பேரம் பேசும் பெற்றோர் இருக்கிறார்கள். அது ஏற்றத்தைத் தடுக்காது. தைவான் 2010-ல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே விடச் சொன்னது. பகல் வெளிச்சம் கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடும் என்பதற்கு இன்று நல்ல ஆதாரம் இருக்கிறது. இத்தனை வெளிச்சம் கொட்டிக்கிடக்கும் நம் கம்பம் பள்ளத்தாக்கில், பள்ளிக்கூடம் விட்ட கையோடு பிள்ளையை டியூஷன் அறைக்குள் அனுப்புகிறோம். வேகமாக ஏறும் பவருக்கு டாக்டர்கள் மிகக் குறைந்த அளவில் அட்ரோபின் சொட்டும் எழுதுவதுண்டு. அதைக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம்.

கடும் கிட்டப்பார்வை உள்ளவர்கள் வாரம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். இரண்டும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். ஜன்னல் கம்பி, பந்தலின் கல்தூண் ஆகியவை நடுவில் வளைந்து தெரிந்தால் விழித்திரையின் மையத்துக்கு அடியில் புதிய ரத்தக்குழாய் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குள் ஊசி போட்டு அதை அடக்கலாம். நாள் கடந்தால் தழும்பாகிவிடும்.

ஒன்றிரண்டு கொசு கண்முன் பறப்பதுபோல் தெரிவது பலருக்கும் இருப்பதுதான். திடீரென்று மிளகுத்தூளைக் கொட்டியதுபோல் வந்தாலோ, இருட்டில் பக்கவாட்டில் மின்னல் வெட்டினாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்கினாலோ அன்றைக்கே கிளம்ப வேண்டும். பிரிதல் நடுப்புள்ளியை எட்டுவதற்கு முன் ஆபரேஷன் நடந்தால் பார்வை பெரும்பாலும் தங்கும். வலி இருக்காது என்பதால், சந்தை முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடத் தோன்றும். தேனி அரவிந்துக்குப் போனாலும், கானாவிலக்கு அரசு மருத்துவமனைக்குப் போனாலும், சீட்டுப் போடும் இடத்திலேயே "திடீர்னு திரை விழுந்துச்சு, எனக்கு மைனஸ் எட்டு" என்று சொல்லுங்கள். லேசிக்கோ புரை ஆபரேஷனோ செய்தவர்கள் பழைய கண்ணாடிச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். முகத்தில் கண்ணாடி இல்லாதவரைப் பார்த்து இவருக்கு மைனஸ் எட்டு இருந்தது என்று சீட்டுப் போடுகிறவருக்கு எப்படித் தெரியும்?