நீருக்கடியில் படம் பிடிக்க எந்தச் சாதனங்கள்?



காஹாங்கிலிருந்து ஜெமாலுவாங் முச்சந்தி வழியாகச் சென்றால் மெர்சிங் படகுத்துறை வந்துவிடும். அங்கே படகேறினால் ரவா, அவுர், டாயாங், தியோமான் என்று பவளப் பாறைகள் சூழ்ந்த தீவுகள். தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் இளைஞர்களும் இப்போது அங்கே காற்று உருளையை முதுகில் சுமந்து கடலுக்குள் மூழ்கப் பழகுகிறார்கள். பழகிய மறுமாதமே, "சார், தண்ணீருக்குள் படம் எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். கேமரா கடைசியில் வரட்டும். உடம்பில் மாட்டிக்கொள்ளும் சாதனங்கள் சரியாக அமையாவிட்டால், எத்தனை விலை உயர்ந்த கேமராவும் பயன்படாது.

ஏன் அப்படி? தண்ணீர் ஒளியை விழுங்கும் இயல்புடையது. அதிலும் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. ஏறத்தாழ ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடும். பத்து மீட்டரைத் தாண்டினால் ஆரஞ்சும் போய்விடும். கண் எதிரே இருக்கும் செம்பவளம் சாம்பல் பூசியதுபோல் தெரியும். ப்ளாஷ் விளக்கு போட்டால் நிறம் திரும்பும். ஆனால் அந்த ஒளியும் தண்ணீரைக் கடந்துதான் போய் வர வேண்டும். ஆகவே, படம் எடுப்பவர் ஒரு கை நீட்டும் தூரத்துக்குள் நெருங்க வேண்டும். நெருங்கவும் வேண்டும், பாறையைத் தொடவும் கூடாது, அசையாமலும் நிற்க வேண்டும். காலூன்ற இடமில்லாத தண்ணீரில் இது எளிதா?

இதற்கு உதவுவது மிதவைச் சட்டை. காற்றை ஊதியும் வெளியேற்றியும் நம் மிதப்பைச் சரிசெய்யும் சட்டை அது. மார்பைச் சுற்றி ஊதிக்கொள்ளும் வகை நம்மை நிமிர்த்திப் பிடிக்கும். புதியவர்களுக்கு அது தெம்பு. முதுகுப்புறம் மட்டும் ஊதும் வகையோ நீருக்குள் நம்மைப் படுக்கை வாட்டத்தில் வைத்திருக்கும். கால்கள் பாறையில் இடிக்காது, மார்புப் பக்கமும் காலியாக இருக்கும். படம் எடுப்பவருக்கு இதுவே வசதி என்பது என் கருத்து. ஆனால் கடல் மட்டத்துக்கு வந்தபின் இது முகத்தை முன்னால் தள்ளப் பார்க்கும். சற்றுச் சாய்ந்து கொள்ளப் பழக வேண்டும்.

சட்டையைவிட முக்கியமானது ஈயக் கட்டிகளின் எடை. கொஞ்சம் கணக்குப் போடுவோம். வழக்கமான அலுமினிய உருளையின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்தால், வெளியில் 2,200 லிட்டர் காற்று. காற்றுக்கு எடை உண்டு என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? இந்தக் காற்றின் எடை இரண்டரைக் கிலோவுக்கும் மேல். அதைச் சுவாசித்துத் தீர்க்கத் தீர்க்க நாம் இலேசாகி மேலே மிதக்கத் தொடங்குவோம். இறங்கும்போது சரியாக இருந்த எடை, ஏறும்போது போதாது. மேலே வருமுன் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் தங்க வேண்டிய நேரத்தில் உடம்பு பந்துபோல் கிளம்பிவிடும். முதன்முறை வாடகைச் சாதனங்களோடு மூழ்கியபோது எனக்கு நேர்ந்தது இதுதான். ஆகவே, உருளை காலியாகும் நிலையை வைத்துத்தான் எடையைத் தீர்மானிக்க வேண்டும். அதற்காகக் கூடுதலாகவும் கட்டிக்கொள்ளக் கூடாது. கூடினால் சட்டையில் அதிகம் ஊத நேரும், தடுமாற்றமும் கூடும்.

அந்த 2,200 லிட்டர் எவ்வளவு நேரம் தாங்கும்? நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர், 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மும்மடங்காவதால் 60 லிட்டர் செலவழிப்பார். 50 பார் இருப்பு வைத்துக்கொண்டால் அவருக்குக் கிடைப்பது 27 நிமிடம்தான். ஒரு சிறு மீன் பொந்திலிருந்து தலை நீட்டும் என்று காத்திருப்பவருக்கு 27 நிமிடம் ஒரு நொடியாகப் போய்விடும். உயரத்துச் செம்பனைக் குலையை அறுப்பவர் அரிவாள் நுனியையே பார்த்துக் காலடியை மறப்பதுபோல, இவரும் அழுத்தமானியை மறந்துவிடுவார். ஆழம், நேரம் இரண்டையும் காட்டும் கணிப்பான் மணிக்கட்டில், கேமராவைப் பிடித்தபடியே கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். எச்சரிக்கை ஒலி உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது.

முகக் கண்ணாடிக்கு வருவோம். உட்புற வெற்றிடம் குறைவானதாகப் பாருங்கள். கண் கேமராவை ஒட்டி வரும். முகத்தில் பொருந்தும் சிலிக்கான் விளிம்பு ஒளி ஊடுருவுவதாக இருந்தால் பக்கத்து வெளிச்சம் உள்ளே வந்து கூசும். கறுப்பு விளிம்பே நல்லது. துடுப்புக் காலணியில் கவர்ச்சி பார்க்காதீர்கள். நடுவே பிளந்த வகை முன்னே நீந்தச் சுகமாக இருக்கும். ஆனால் படம் எடுத்தபின் பின்னோக்கி நகர்வதற்கு விறைப்பான தகடே உதவும். தவளைபோல் காலைப் பக்கவாட்டில் அடித்தால் அடிமணல் கிளம்பாது. கிளம்பிய துகள் ஒவ்வொன்றும் ப்ளாஷ் ஒளியில் பனித்துளிபோல் படத்தில் விழும். சுவாசக் குழாயில், குமிழிகளை முகத்துக்கு இருபுறமும் ஒதுக்கிவிடும் அகலமான வெளியேற்றி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நம் கடல் வெதுவெதுப்பானதுதான். என்றாலும் அசையாமல் கிடப்பவருக்குக் குளிரும். மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள உடை போதும், சொறிமுட்டையிலிருந்தும் காக்கும். கையுறை வேண்டாம் என்பேன். கையுறை இருந்தால் பவளத்தைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். கேமராவைக் கையோடு இறுகக் கட்டாமல் சட்டையின் வளையத்தில் கொக்கியிட்டு மாட்டுங்கள். ஆபத்து நேரத்தில் இரு கைகளும் வேண்டியிருக்கும்.

பயிற்சி முடிக்காதவர்கள் கடல் பூங்காக்களில் நீருக்கடியில் படம் எடுப்பதை மலேசிய மீன்வளத் துறை 2025-இல் தடை செய்தது. பவளம் உடைவதே காரணம். சிலருக்கு இதில் வருத்தம், எனக்கு இல்லை.

கேமரா வாங்க நினைப்பவர் முதலில் இதைச் செய்து பார்க்கலாம். உருளையில் 50 பார் மீதமிருக்கும்போது, ஐந்து மீட்டர் ஆழத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு, காலை அசைக்காமல் மூன்று நிமிடம் நில்லுங்கள். அரை மீட்டர்கூட ஏறாமல் இறங்காமல் நின்றுவிட்டால் கேமராக் கடைக்குப் போகலாம்.