தணல் இல்லாத அடுப்பு

விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு நெருப்பு இரண்டு வகை. கொதிக்க வைக்க எரியும் தீ. கொதித்த பிறகு விறகை வெளியே இழுத்துவிட்டால் உள்ளே மிஞ்சும் தணல். பால் சுண்டியது, சோறு புழுங்கியது, பிரியாணி தம்மில் இருந்தது எல்லாம் அந்தத் தணலில்தான். கேஸ் அடுப்பில் முதல் வகை மட்டுமே இருக்கிறது. சிம்மில் வைத்தாலும் அது சின்னத் தீயே தவிரத் தணல் ஆகாது. அதனால்தான் பர்னருக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஒரு தட்டு வேண்டியிருக்கிறது. ஹீட் டிஃப்யூசர் என்று கடையில் விற்பது அதுதான். பரணில் கிடக்கும் பழைய தோசைக்கல்லும் அதே வேலையைச் செய்யும். எந்தச் சமையலுக்கு எந்தத் தட்டு என்பதுதான் கேள்வி. டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம்.

பால் அடிப்பிடித்த எவர்சில்வர் பாத்திரத்தைக் கழுவும் முன் உள்ளே உற்றுப் பாருங்கள். கருப்பு அடி முழுக்க இருக்காது, வட்டமாக ஒரு வளையம்தான் தெரியும். பர்னரின் ஓட்டைகள் வட்டமாக இருக்கின்றன, தீயும் வட்டமாகவே அடியைத் தொடுகிறது. இதைச் சமைக்காமலே பார்க்கலாம். தட்டையான அடியுள்ள காய்ந்த பாத்திரத்தில் கோதுமை மாவை மெல்லியதாகத் தூவி, தீயைக் குறைத்து வையுங்கள். சிறிது நேரத்தில் மாவு வளையமாகச் சிவக்கும், நடுவில் வெள்ளையாகவே கிடக்கும். பாத்திரம் ஆறியபின் துடைத்து, அடியில் கனமான தட்டை வைத்து மறுபடி தூவிப் பாருங்கள். சிவக்க நேரமாகும், ஆனால் வளையம் மங்கிப்போய் எங்கும் ஏறத்தாழ ஒரே நிறம் வரும்.

உலோகத்துக்கு உலோகம் சூட்டைக் கடத்தும் திறன் மாறுகிறது. அதை அளக்கும் எண் செம்புக்கு ஏறத்தாழ 400, அலுமினியத்துக்கு 235, இரும்புக்கு 50 முதல் 80, எவர்சில்வருக்கு 15. எவர்சில்வரில் தீ பட்ட இடத்துச் சூடு பக்கவாட்டில் நகரவே சிரமப்படுகிறது. உள்ளே இருப்பது ரசம் போல நீர்த்திருந்தால் கவலையில்லை, அது தானே சுழன்று சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பொங்கலும் திரட்டுப்பாலும் இறுகத் தொடங்கியதும் அந்தச் சுழற்சி நின்றுவிடுகிறது. பிறகு வளையத்தின் மேல் இருப்பது அங்கேயே கிடந்து கருகும்.

தட்டு செய்யும் வேலை இரண்டு. சூட்டைப் பக்கவாட்டில் பரப்புவது ஒன்று, வேகத்தைத் தணிப்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்குவதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பரப்புவதற்கு அலுமினியமும் செம்பும் நல்லவை. தணிப்பதற்கு, வாங்கிய சூட்டை வைத்திருந்து மெல்லக் கொடுக்க, கனத்த இரும்பு நல்லது. இரண்டு மெல்லிய தகடுகளை விளிம்பில் மடித்து, நடுவில் காற்று இருக்கும்படி விற்கிறார்களே, அது தணிக்கும். பரப்புவதில் அவ்வளவு கெட்டியில்லை. வளையமாக அடிப்பிடிப்பதுதான் உங்கள் தொல்லை என்றால் அலுமினியத் தட்டு. சிம்மில் வைத்தும் குழம்பு தளதளவென்று கொதிக்கிறது என்றால் இரும்பு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் இரும்பைத்தான் சொல்வேன். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். கேஸ் தீ 1,900 டிகிரியை நெருங்கும். பாத்திரம் இல்லாமல் பெரிய தீயில் மறந்துவிட்டால் அலுமினியத் தட்டு வளையும், உருகவும் கூடும்.

வீட்டுத் தோசைக்கல்லையே வைக்கலாமா என்றால், வைக்கலாம், ஆனால் தோசை வார்க்கும் கல்லை வேண்டாம். எண்ணெய் ஏற்றிப் பழக்கிய மேல்பூச்சு வெறும் தீயில் எரிந்துபோகும், அடுத்த நாள் தோசை ஒட்டும். காது உடைந்த கல், ஓரம் சில்லுப்போன கல் இதற்கென்றே ஒதுக்கத் தகுந்தவை. நடுவில் குழிந்த கல் உருண்டை அடி மண்சட்டிக்குப் பொருந்தும், தட்டையான அடிக்குத் தட்டைக் கல்தான். மண்சட்டிக்குத் தட்டு மிகவும் உதவும். தீ பட்ட இடம் மட்டும் விரிந்து மற்ற இடம் குளிர்ந்தே இருந்தால் சட்டி விரிசல் விடும். அதைத் தவிர்க்க ஆரம்பத்திலிருந்தே தட்டின் மேல் வைத்துச் சூடேற்றுவதே நல்லது.

புதிதாகச் செய்ய நினைத்தால் லேத் பட்டறையில் சொல்லுங்கள்: 20 சென்டிமீட்டர் விட்டம், 6 மில்லிமீட்டர் தடிமன், சாதா இரும்பு. ஒன்றரைக் கிலோ வரும். அதே அளவு அலுமினியம் அரைக் கிலோதான். விளிம்பை அரம் போட்டு மழுக்கித் தரச் சொல்லுங்கள். மெல்லிய தகடு மலிவு என்று வாங்கினால் சூட்டில் முறுக்கிக்கொண்டு பாத்திரத்தை ஆடவைக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு கூடவே கூடாது. துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், மேலும் சூடேறினால் வரும் புகை உடலுக்குக் கெடுதல். பழைய நான்ஸ்டிக் தவாவும் வேண்டாம், அந்தப் பூச்சு 260 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். பள்ளி ஆய்வகத்தில் பன்சன் பர்னர் மேல் வைத்த கம்பிவலை நினைவிருக்கிறதா? அதன் நடுவிலிருந்த வெள்ளை வட்டமும் சூட்டைப் பரப்பத்தான். பழைய வலைகளில் அது ஆஸ்பெஸ்டாஸ், தூசு நுரையீரலில் போய்ப் புற்றுநோய் வரை கொண்டுவிடும். பழைய சாமான் கடையில் கண்டால் தொடாதீர்கள்.

வைக்கும் முறையும் முக்கியம். பாத்திரத்தைத் தாங்கும் ஸ்டாண்டின் மேல்தான் தட்டு இருக்கவேண்டும், பர்னரை ஒட்டிப் படுக்கக் கூடாது. காற்று போக வழியில்லாவிட்டால் நீலத் தீ மஞ்சளாகும், கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடு வரும். ஸ்டாண்டைத் தாண்டி அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு சூட்டைக் கீழே திருப்பும். கண்ணாடி மேல்தளமுள்ள அடுப்புக்கு அது ஆபத்து. இன்னொன்றை நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். தட்டு தீயை மறைத்துவிடுகிறது. சிம்மில் உள்ள தீ காற்றில் அணைந்தால் கண்ணுக்குத் தெரியாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதனால் அவ்வப்போது குனிந்து பக்கவாட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், தம் போட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

தட்டு சூடேறக் கொஞ்சம் கேஸ் செலவாகும். பிரியாணியை முதலில் நேர்த் தீயில் கொதிக்கவிட்டு, தட்டைப் பக்கத்து பர்னரில் சூடேற்றி வைத்து, தண்ணீர் வற்றியதும் பாத்திரத்தை அதன் மேல் மாற்றினால் வீணாகாது. இறக்க வேண்டிய நேரத்துக்கு 5 நிமிடம் முன்பே அணைத்துவிடலாம், மிச்சத்தை இரும்பு பார்த்துக்கொள்ளும். அதன் பிறகும் வெகுநேரம் தட்டு கையைச் சுடும். இடுக்கி போட்டுத்தான் எடுக்கவேண்டும். வார்ப்பிரும்பாக இருந்தால் தண்ணீர் ஊற்றாமல் தானே ஆறவிடுங்கள், இல்லாவிட்டால் வெடித்துவிடும்.